புதுச்சேரியில் அட்டைப்பெட்டித் தொழில்

புதுச்சேரியில் அட்டைப்பெட்டித் தொழில் பிற ஆலைகளை அண்டிப் பிழைக்கும் சிறுதொழில். நகரை ஒட்டிய தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், வடமேற்கே சேதராப்பட்டு ஆகிய தொழிற்பேட்டைகள் இவ்வகைச் சிறுதொழில்களின் இருப்பிடம். சோப்பு, மருந்து, மதுபானம், வீட்டு இயந்திரங்கள் ஆகியவற்றுக்கான நெளிவட்டைப் பெட்டிகளும் அச்சிட்ட அட்டை உறைகளும் இத்தொழிலின் சரக்கு.

1898 முதல் ஊரின் பெரிய வேலைக்களமாக இருந்தது இன்று ஏ.எஃப்.டி. என்று அறியப்படும் பஞ்சாலை. பஞ்சாலைகள் தளர்ந்த காலத்தில் அரசின் கவனம் பிற தொழில்கள் பக்கம் திரும்பியது. 1974-இல் தொடங்கிய பிப்டிக் என்னும் தொழில் வளர்ச்சிக் கழகம் மனைகளை ஒதுக்கியது. தொழிலில் பின்தங்கிய பகுதி என்ற வகையில் வருமான வரி விலக்கும், விற்பனை வரிச் சலுகையும் கிடைத்தன. வடமங்கலத்தில் இந்துஸ்தான் யூனிலீவர், திருபுவனையில் வேர்ல்பூல் எனப் பெரிய நிறுவனங்கள் வந்தன. அவற்றுக்குப் பெட்டி வேண்டியிருந்தது.

பெட்டி ஏன் உள்ளூரிலேயே செய்யப்படுகிறது? மடித்துக் கட்டினாலும் அது லாரியை அடைத்துக்கொள்ளும், விலையோ சொற்பம். தொலைவிலிருந்து கொண்டுவந்தால் லாபத்தை லாரி வாடகையே தின்றுவிடும். ஆலைகளும் காலிப் பெட்டிகளை அடுக்கிவைக்க இடம் ஒதுக்குவதில்லை. இன்று சொன்னால் நாளை வந்து இறங்க வேண்டும் என்பார்கள். சிறு பட்டறையின் பலமும் நெருக்கடியும் இந்த அவசரம்தான்.

செய்முறை எளிது. கிராஃப்ட் என்னும் உறுதியான காகித ரீலைச் சூடான பல்லுருளைகளுக்கிடையே விட்டு நெளிவாக்கி, மாவுப் பசையால் தட்டைத் தாளோடு ஒட்டுவார்கள். இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே ஒரு நெளிவு இருந்தால் மூன்று பிளை, அதாவது மூன்று அடுக்கு. மூன்று தட்டையும் இரண்டு நெளிவும் சேர்ந்தால் ஐந்து பிளை. கனமான சாமான்களுக்கு ஏழு பிளை. பிறகு அச்சிட்டு, காடி வெட்டி, கம்பிப் பின் அடிப்பார்கள். பெரிய ஆலைகளில் இவ்வளவும் ஒரே தானியங்கி வரிசையில் முடிந்துவிடும். சிறு பட்டறைகளில் ஒட்டுவதும் பின் அடிப்பதும் கட்டுப் போடுவதும் கைவேலை.

வேலைவாய்ப்பு என்ற அளவில் இதைப் பஞ்சாலைக்கு ஈடாகச் சொல்வது மிகை. 2020-இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. தந்ததைப் போன்ற நிரந்தர வேலையும் தொழிற்சங்கப் பலமும் இங்கே அரிது. ஆனாலும் ஒரு பெட்டிப் பட்டறையைச் சுற்றி பழைய தாள் வாங்குபவர், அச்சுக்கட்டை செய்பவர், மினி லாரி ஓட்டுநர் என்று பலர் பிழைக்கிறார்கள். வெட்டி எறியும் அட்டைத் துண்டுக்கும் விலை உண்டு. அது காகித ஆலைக்குத் திரும்பி மறுபடி கிராஃப்ட் ஆகிறது.

இந்த மலிவுப் பெட்டித் தொழிலுக்கு வெளியே நிற்பது ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை. 1959-இல் தொடங்கியது. பருத்திக் கந்தலிலிருந்து செய்யும் தாள், பை, பரிசுப் பெட்டி ஆகியவற்றுக்கு அது பெயர்பெற்றது. இங்கு வாங்குபவர் உறைக்கே விலை கொடுக்கிறார்.

பெட்டிப் பட்டறைகளைப் பொறுத்தவரை, 2017-இல் வந்த ஜிஎஸ்டி பழைய விற்பனை வரிச் சலுகைகளைச் செல்லாமல் ஆக்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் நெளிவட்டைப் பெட்டிக்கு வரி 5 சதவீதம்; அதற்கு மூலப்பொருளான கிராஃப்ட் காகிதத்துக்கோ 18 சதவீதம். வாங்கும்போது கட்டிய கூடுதல் வரி திரும்பி வரும்வரை முதலாளியின் பணம் அரசிடம் முடங்கிக் கிடக்கிறது. ரொக்கக் கையிருப்பு குறைந்த சிறு பட்டறைக்கு இது பெரிய ஆலையைவிட அதிகமாக வலிக்கிறது.