வெயில் கொளுத்துகிறது... வீட்டில் முயல் இருக்கிறதா?

பிற்பகல் 3 மணி. வேலையிலோ பள்ளியிலோ இருந்து வீடு திரும்புகிறீர்கள். கதவைத் திறந்ததும் ஓடிவரும் முயல் இன்று அசையவில்லை. கூண்டில் நீட்டிப் படுத்திருக்கிறது. மூச்சு வேகமாக வாங்குகிறது.

'பாவம், தூங்குது போல' என்று விட்டுவிடாதீர்கள். அது ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடனே கவனிக்காவிட்டால் முயல் இறந்துவிடக்கூடும்.

சிங்கப்பூரின் கழக வீடுகளில் பூனை வளர்க்க 2024இல்தான் அனுமதி கிடைத்தது. முயல்களுக்கு அதற்கு முன்பிருந்தே அனுமதி உண்டு. சத்தம் போடாது, சிறிய இடம் போதும் என்று பலர் வாங்குகிறார்கள். ஆனால் நம் ஊர் வெயில் அதற்கு ஒத்துவருமா?

முயலுக்கு ஏன் இவ்வளவு சூடு?

வீட்டு முயல்களின் மூதாதையர் ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியைச் சேர்ந்த காட்டு முயல்கள். மண்ணைத் தோண்டி வளை அமைத்து வாழ்பவை. வெயில் நேரத்தில் குளிர்ச்சியான வளைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அடுக்குமாடி வீட்டில் வளைக்கு எங்கே போவது?

மனிதர்களுக்கு வியர்க்கும். நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும். முயலுக்கு இரண்டுமே சரியாக வராது. உடல் சூட்டை வெளியேற்ற அது பெரிதும் நம்பியிருப்பது காதுகளைத்தான். காதுகளில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து சூட்டை வெளியே விடும். ஆனால் சுற்றியுள்ள காற்றே சூடாக இருந்தால் காதுகளாலும் அதிகம் செய்ய முடியாது.

முயலுக்கு வசதியான வெப்பநிலை சுமார் 16 முதல் 22 டிகிரி செல்சியஸ். சிங்கப்பூரில் பிற்பகல் வெப்பநிலை சாதாரணமாகவே 31, 32 டிகிரியை எட்டிவிடும். 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983இல் தெங்காவில் பதிவான அளவுக்கு அது சமம்.

எந்த முயல்களுக்கு ஆபத்து அதிகம்?

• அடர்த்தியான, நீளமான முடி உள்ளவை
• உடல் பருத்தவை
• வயதானவை, மிகவும் இளையவை
• சினையாக இருப்பவை
• மூக்கு சப்பையாக உள்ள இனங்கள்

மின்விசிறி போட்டால் போதாதா?

பலர் செய்யும் தவறு இது. விசிறிக் காற்று நம்மைக் குளிர்விப்பதற்குக் காரணம் நம் வியர்வை. காற்று பட்டு வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. வியர்க்காத, உடல் முழுக்க முடி போர்த்திய முயலுக்கு அதே காற்று அவ்வளவாக உதவாது. அறையில் காற்றோட்டத்துக்கு விசிறி தேவைதான். ஆனால் அதை மட்டும் நம்பிவிட்டு வெளியே போகாதீர்கள்.

வேறு என்ன செய்யலாம்?

• கூண்டின் இடத்தை மாற்றுங்கள். பால்கனி, துணி காயப்போடும் இடம், மாலை வெயில் படும் சன்னல் ஓரம் வேண்டாம். காலையில் நிழலாக இருக்கும் இடத்தில் பிற்பகலில் வெயில் அடிக்கலாம். ஒருநாள் முழுக்கக் கவனித்துப் பாருங்கள்.
• தண்ணீர் போத்தலில் நீரை உறையவைத்து, துண்டில் சுற்றி முயலின் பக்கத்தில் வையுங்கள். தேவைப்பட்டால் அதுவே வந்து சாய்ந்துகொள்ளும்.
• தரையில் பீங்கான் ஓடு ஒன்றைப் போடுங்கள். அதன்மேல் வயிற்றை வைத்துப் படுக்க முயலுக்குப் பிடிக்கும்.
• குடிக்கக் கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். போத்தல் குழாயைவிடக் கிண்ணத்தில் முயல்கள் அதிகம் குடிக்கும்.
• கீரையைக் கழுவி, ஈரத்தோடு கொடுங்கள்.
• உதிரும் முடியை அடிக்கடி சீவி எடுங்கள்.
• கடும் வெயில் நாள்களில் குளிரூட்டியைப் போடுங்கள். 25 டிகிரியில் வைத்தாலே முயலுக்குப் பெரிய நிம்மதி. காற்று நேராக அதன்மேல் அடிக்க வேண்டாம்.
• வெளியே தூக்கிச் செல்வதென்றால் காலையிலோ இரவிலோ செல்லுங்கள். நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள்.

அறிகுறிகள் என்ன?

காட்டில் மற்ற விலங்குகளுக்கு இரையாகும் உயிர் என்பதால், உடம்புக்கு முடியாததை முயல் வெளியே காட்டாது. நமக்குத் தெரியவரும்போது நிலைமை முற்றியிருக்கலாம்.

• காதுகள் சிவந்து சூடாக இருப்பது
• வேகமான மூச்சு
• மூக்கைச் சுற்றி ஈரம், வாயில் எச்சில் வடிவது
• சாப்பிடாமல் சோர்ந்து கிடப்பது
• தள்ளாடுவது, வலிப்பு வருவது

முயல் வழக்கமாக மூக்கால் மட்டுமே சுவாசிக்கும். அது வாயைத் திறந்து மூச்சு விட்டால் உயிருக்கு ஆபத்து என்று அர்த்தம். முயலின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறக்குறைய 38.5 முதல் 40 டிகிரி. அதைத் தாண்டிப் போகப் போக உள்ளுறுப்புகள் பாதிக்கப்படும்.

உடனே என்ன செய்வது?

1. குளிர்ச்சியான, நிழலான இடத்துக்கு மாற்றுங்கள்.
2. குளிர்ந்த நீரில் துணியை நனைத்துக் காதுகளை மெதுவாகத் துடையுங்கள். ஈரக் காதில் விசிறிக் காற்று பட்டால் சூடு இறங்கும்.
3. சுயநினைவு இருந்தால் தண்ணீரைப் பக்கத்தில் வையுங்கள். வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.
4. கால்நடை மருத்துவரை அழைத்து, கிளம்புங்கள்.

ஐஸ் தண்ணீரில் மட்டும் முக்காதீர்கள்! பதற்றத்தில் அப்படிச் செய்யத் தோன்றும். ஆனால் திடீர்க் குளிர்ச்சியால் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். சூடு உள்ளேயே தங்கிவிடும். அந்த அதிர்ச்சியையும் முயல் தாங்காது.

'எழுந்து உட்கார்ந்துடுச்சு, இனி பரவாயில்லை' என்று நினைத்து மருத்துவரிடம் போகாமல் இருக்க வேண்டாம். உள்ளுறுப்புப் பாதிப்பு சில மணி நேரம் கழித்துத்தான் தெரியலாம். குடல் இயக்கம் நின்றுபோகும் அபாயமும் உண்டு. அன்று இரவு முயல் சாப்பிடுகிறதா, புழுக்கை போடுகிறதா என்று பாருங்கள்.

முயல்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள் எல்லா இடத்திலும் இல்லை. இரவில் கேட்கவே வேண்டாம். அதனால் உங்கள் வீட்டுக்கு அருகில் யார் இருக்கிறார், இரவில் எங்கே போகலாம் என்று இன்றே விசாரித்து, எண்ணைக் கைப்பேசியில் சேமித்துவிடுங்கள்.

சூடாக இருக்கிறது என்று முயலால் சொல்ல முடியாது. நாளைக்கு வீட்டை விட்டுக் கிளம்பும்முன் அதன் காதைத் தொட்டுப் பாருங்கள்.