பந்தோஜிகள் மீது ஒரு புகார்

1869-இல் புனேயைச் சேர்ந்த ஜோதிராவ் புலே, கல்வித் துறையில் வேலை பார்த்த பிராமண வாத்தியார்களைச் சாடி மராத்தியில் ஒரு பாடல் வெளியிட்டார். ‘பந்தோஜி’ என்று ஊரார் அழைத்த அந்த ஆசிரியர்கள் தம் சாதிப் பிள்ளைகளிடம் ஒரு முகமும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளிடம் வேறு முகமும் காட்டுகிறார்கள் என்பது அவர் புகார். பிள்ளைக்குப் படிப்பு ஏறாவிட்டால் பிள்ளையைப் பழிப்பதே எளிது. புலே வாத்தியாரின் நடத்தையைக் கேள்விக்குள்ளாக்கினார்.

அவரே பாதியில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் தந்தையிடம் எடுத்துச் சொன்ன பிறகே 1841-இல் ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். 1848-இல் பிடே வாடாவில் அவரும் மனைவி சாவித்திரிபாயும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். பெண்கல்வியை எதிர்த்தவர்கள் தெருவில் வீசிய சாணியும் சேறும் படிந்த சேலையை மாற்றிக்கொண்டு பாடம் நடத்த, சாவித்திரிபாய் இன்னொரு சேலையைக் கையோடு கொண்டுபோவார் என்பார்கள்.

தீண்டாமைக்கு ஆளான மகர், மாங்கு சாதிப் பிள்ளைகளுக்கென அவர்கள் நடத்திய பள்ளியில் மூன்று ஆண்டு படித்தவள் முக்தா சால்வே. தன் மக்கள் படும் துயரத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை 1855-இல் ‘ஞானோதயா’ இதழில் வந்தது. அப்போது அவளுக்கு வயது 14. இனிப்பைப் பரிசாக நீட்டிய ஆங்கில அதிகாரியிடம், இனிப்பு வேண்டாம், நூலகம் கொடுங்கள் என்று அவள் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. ஒதுக்கிவைக்காமல் அருகில் அமர்த்திக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்கள் வாய்த்ததால் வந்த துணிவு அது.

1882 அக்டோபரில் ஆங்கிலேய அரசு அமைத்த ஹண்டர் கல்வி ஆணையத்திடம் புலே தந்த மனுவில் பழைய புகார் இன்னும் விரிவாக எழுந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் ஏறக்குறைய எல்லோரும் பிராமணர்கள். பெரும்பாலோர் பயிற்சி பெறாதவர்கள். சம்பளம் 10 ரூபாயைத் தாண்டுவது அரிது. மற்றப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார விடாததால் மகர், மாங்கு பிள்ளைகள் பள்ளிக்கு வெளியிலேயே நின்றார்கள். புனே நகரில் 5,000 பேருக்கு மேலிருந்த அம்மக்களுக்கு ஒரே ஒரு பள்ளி. வந்தவர்கள் 30 பேர்கூட இல்லை.

அவர் கேட்ட மாற்றம் நுட்பமானது. உழவர் குடிகளிலிருந்தே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வேண்டும். வேண்டியபோது மேழியையோ தச்சனின் வாய்ச்சியையோ பிடிக்கக் கூச்சப்படாதவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். குறைந்தது 12 ரூபாய் சம்பளம் தர வேண்டும். ஒட்டிப் பழகும் ஆசிரியருக்கே பிள்ளைகளின் தேவை புரியும் என்பது அவர் வாதம். 12 வயதுவரை கட்டாயக் கல்வியும் கேட்டார்.

கட்டாயக் கல்வி 2009-இல்தான் நடுவண் சட்டமானது. அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்து, மீறும் ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கைக்கு வழிசெய்கிறது.