உரோமர் அடுப்பில் மிளகு

இத்தாலி நாட்டின் பொம்பேயி நகரம் கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலுள் மறைந்தது. பல நூற்றாண்டுகள் கழிந்தபின் அந்நகரை அகழ்ந்தவர்கள், வெட்டியர் மாளிகை என இன்று வழங்கும் வீட்டின் சமையலறையை அடைந்தபோது, கல்லாற் கட்டிய அடுப்புத் திண்ணையின்மீது இரும்பு முக்காலிகளும் வெண்கலக் கலங்களும் இருக்கக் கண்டனர். திண்ணையிற் கரித்தணலைப் பரப்பி, முக்காலியின்மேற் கலத்தை ஏற்றி, மெல்லிய சூட்டில் நெடுநேரம் வேகவிடுவது உரோமர் அறிந்த முறை. அவ்வாறு வெந்த உணவுகளுள் ஒன்று, பழத்தோடு சேர்த்துச் சமைத்த பன்றியிறைச்சி. வேற்று நாட்டார் உணவுதானே என்று தமிழர் அதனை ஒதுக்கிவிடுதற்கில்லை. அக்கலத்துள் தமிழகத்துப் பொருளொன்றும் கிடந்தது.

அச்சமையலின் செய்முறை அப்பிக்கியஸ் என்பாரின் பெயரால் வழங்கும் நூலில் உள்ளது. அப்பிக்கியஸ், திபேரியஸ் பேரரசன் காலத்தில் வாழ்ந்த பெருஞ் செல்வர். பத்துக் கோடி செஸ்தேர்ஸ் நாணயங்களைச் சமையற்கட்டிற் கரைத்தபின் ஒருநாள் கணக்குப் பார்த்தார். எஞ்சியது ஒரு கோடிதான். அதனைக் கொண்டு வாழ்வது பட்டினி கிடப்பதற்கு ஒப்பாகும் எனக் கருதி, நஞ்சுண்டு மாண்டார் என்று செனக்கா எழுதிவைத்துள்ளார். ஆயினும் இன்றுள்ள நூல் அவர் கைப்பட எழுதியதன்று. அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பிற்காலத்தில் தொகுக்கப்பட்டது என்பதே அறிஞர் பலரின் முடிபு. ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதிய இரு படிகள் எஞ்சியுள்ளன. ஒன்று வத்திக்கானிலும் மற்றொன்று நியூயோர்க்கிலும் இருக்கின்றன. நூலின் நடையோ பண்டிதர் நடையன்று. பேச்சு மொழி கலந்தது. அளவுகள் பெரும்பாலும் சொல்லப்படவில்லை. அடுப்படியில் நின்ற சமையற்காரர் தம் நினைவுக்காகக் குறித்துக்கொண்டவையே இவை எனத் தோன்றுகின்றது. அச்சமையற்காரரிற் பெரும்பாலோர் அடிமைகள். உண்டு கெட்ட செல்வரின் பெயர் நூலுக்கு வாய்த்தது. சமைத்தவர் ஒருவரின் பெயரும் நமக்குக் கிட்டவில்லை.

செய்முறை வருமாறு: மட்கலத்தில் ஒலிவ எண்ணெயும், மீனைப் புளிக்கவைத்து வடித்த உப்புச் சாறும், திராட்சை மதுவும் இடப்படும். உலர்ந்த சிறு வெங்காயம் நறுக்கிச் சேர்க்கப்படும். ஏற்கெனவே வெந்த பன்றியின் முன்தொடை இறைச்சியைச் சிறு சதுரங்களாக அரிந்து அதனுள் இடுவர். எல்லாம் வெந்தபின், மிளகு, சீரகம், உலர்ந்த புதினா, சதகுப்பை ஆகியவற்றை அரைத்து, தேன், வற்றல் திராட்சை மது, சிறிது காடி, இறைச்சியின் சாறு என்பவற்றோடு கலந்து ஊற்றுவர். அதன்பின்பே கொட்டை நீக்கிய அப்பிரிக்கொட்டுப் பழங்கள் சேரும். அவை குழைய வெந்ததும், உலர்ந்த மாப்பண்டத்தை நொறுக்கிப் போட்டுக் குழம்பைத் தடிப்பாக்கி, மேலே மிளகு தூவிப் பரிமாறுவர்.

முன்தொடை நாரும் சவ்வும் மிகுந்த பாகம். விரைந்து சமைத்தால் பல்லுக்கு அடங்காது. மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகும்போது சவ்வு கரைந்து பசையாகி, குழம்புக்கு வழுவழுப்பைத் தரும். கொழுப்பின் திகட்டலைப் பழத்தின் புளிப்பு முறிக்கும். மேலும், வெந்த இறைச்சியை அரிந்து மீண்டும் சமைப்பது விருந்து மண்டபத்தின் பகட்டன்று. முன்னாள் எஞ்சியதை வீணாக்காத இல்லத்து வழக்கம் எனக் கொள்ளுதலே பொருந்தும்.

இதே நூல் மாட்டியன் ஆப்பிளோடு சமைக்கும் வேறொரு முறையையும் கூறுகின்றது. அகஸ்தஸ் பேரரசனின் நண்பரான மாட்டியஸ் என்பாரின் பெயர் பெற்றது அவ்வாப்பிள். ஸ்பானியர் ஆப்பிளை இன்றும் மன்சானா என்பது அப்பெயரின் திரிபே. அப்பிரிக்கொட்டின் வரலாறு இன்னும் சுவையானது. கீழ்த்திசையிலிருந்து வந்த அக்கனி, முன்னதாகப் பழுப்பது என்னும் பொருளில் பிரெக்கோக்கியம் எனப்பட்டது. பிளினி எழுதிய காலத்தில் அது இத்தாலிக்குப் புதியது. தொடக்கத்திற் பழமொன்று ஒரு தெனாரி விலைக்கு விற்றது என்கின்றார். அதே பெயர் அராபியர் வாயில் அல்பர்க்கூக் ஆகி, ஸ்பெயின் வழியாக மீண்டும் ஐரோப்பிய மொழிகளிற் புகுந்தது.

இனி மிளகு. அக்கலத்துள் இருந்த தமிழகப் பொருள் இதுவே. எகிப்தின் செங்கடற் துறைகளிலிருந்து பருவக்காற்றோடு புறப்பட்ட மரக்கலங்கள் சேர நாட்டு முசிறியை அடைந்தன. பொன்னைக் கொண்டுவந்து மிளகோடு மீளும் யவனர் கலங்களை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றிற் பாடியுள்ளார். பழந்தமிழில் மிளகுக்குக் கறி என்றும் பெயர். ஒரு மணியைக் குறித்த சொல் இன்று சோற்றோடு உண்பதனைத்தையும் குறிக்கின்றது. செங்கடற் துறையாகிய பெறெனிக்கேயின் கோயிலொன்றில், இந்தியச் சாடியொன்றுள் ஏழரைக் கிலோ மிளகு அகழ்ந்தெடுக்கப்பட்டது. கி.பி. 81 முதல் 96 வரை ஆண்ட டொமிஷியன் உரோமாபுரியில் மிளகுக்கென்றே பண்டசாலை எழுப்பினான்.

இவ்வணிகத்தைக் கண்டு பிளினி வெகுண்டார். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தேர்ஸ் இந்தியாவுக்குப் போகின்றது என்பது அவர் முறையீடு. இனிமையோ அழகோ இல்லாத, காரம் ஒன்றே உடைய பொருளை மாந்தர் ஏன் விரும்புகின்றனர் என்பதும் அவருக்கு விளங்கவில்லை. அவர் சொல்லை நம்பிய பிற்கால ஆசிரியர் பலர், மிளகைச் செல்வரின் ஊதாரித்தனத்துக்குச் சான்றாகவே எழுதிவந்தனர். ஆனால் விலைப்பட்டியலைத் தந்தவரும் பிளினியே. கருமிளகு ஓர் இறாத்தல் நான்கு தெனாரி. படைவீரன் ஒருவனின் ஆண்டுச் சம்பளம் அக்காலத்தில் 225 தெனாரி. சிறு பிடி மிளகு எளியோர்க்கும் எட்டாத பொருளன்று. பிரித்தானியாவின் வட எல்லையில் வின்டொலாண்டா என்னும் கோட்டையிற் கிடைத்த மரப்பலகைக் கணக்கொன்றில், படையாள் ஒருவன் பெயருக்கு நேரே மிளகு இரண்டு தெனாரி எனப் பதிந்துள்ளது. குளிர் மிகுந்த எல்லைப்புறத்தில் நின்றவனின் உணவிலும் சேரநாட்டு மலைச்சாரலின் விளைவு சேர்ந்தது. ஊதாரித்தனம் என்று சினந்தவர் மேல்மாடத்தை நோக்கினாரேயன்றி அடுப்படியை நோக்கவில்லை.

பன்றியிறைச்சியும் நகரத்துப் பொதுமக்களின் இறைச்சியே. 270 முதல் 275 வரை ஆண்ட அவுரேலியன், உரோமாபுரி மக்களுக்கு அதனை விலையின்றிப் பங்கிட ஏற்பாடு செய்தான்.

408ஆம் ஆண்டில் கோத்தர் தலைவன் அலாரிக் உரோமாபுரியை முற்றுகையிட்டு, நகரை விடுவதற்குத் திறை கேட்டான். ஐயாயிரம் இறாத்தல் பொன்னும் முப்பதினாயிரம் இறாத்தல் வெள்ளியும் பெற்றான். அவற்றோடு மூவாயிரம் இறாத்தல் மிளகும் பெற்றான். இரண்டாண்டுகளில் மீண்டும் வந்து நகரைச் சூறையாடினான். ஏறத்தாழ அக்காலத்திலேயே அப்பிக்கியஸ் பெயரிலான நூலும் உருப்பெற்றது. அதன் செய்முறைகளிற் பெரும்பாலானவற்றில் மிளகு இருக்கின்றது.