எந்தத் தோட்டம்?

மலாக்காப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் வயதானவர்கள் அருகே உட்கார்ந்தால் இரண்டாவது கேள்வி இதுவாகத்தான் இருக்கும். போன மாதம் எனக்கும் வந்தது.

"எந்த ஊரு தம்பி?"

"புக்கிட் ரம்பாய், பாட்டி."

"அது ஊரு. எந்தத் தோட்டம்?"

நான் குடியிருக்கும் தாமானின் பெயரைச் சொன்னேன். பாட்டி தலையாட்டினார், ஆனால் பதில் கிடைத்த முகமாக இல்லை. "உங்க அப்பா பால் வெட்டுனது எங்க?" என்று அப்பா ரப்பர் மரம் சீவிய தோட்டத்தைக் கேட்டு, அதற்கு நான் சொன்ன பதிலில்தான் என்னை இன்னார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுகொண்டார்.

புக்கிட் ரம்பாய், தோட்டம், தாமான். அந்த ஒரு நிமிடப் பேச்சில் மூன்று பெயர்கள். மூன்றும் மூன்று காலத்தவை.

ஊர்ப்பெயரிலிருந்து தொடங்குவோம். மலாயில் புக்கிட் என்றால் குன்று. ரம்பாய் ஒரு பழமரம். ரம்புத்தானோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது 'ரம்புட்', அதாவது மயிர் என்ற சொல்லில் பிறந்த பெயர். ரம்பாய்க்கு மயிர் கிடையாது. மங்கிய மஞ்சள் தோல், கண்ணாடிபோல் வெளிறிய சுளை. அடிமரத்திலும் கிளைகளிலும் நூலில் கோத்ததுபோல் சரம் சரமாகத் தொங்கும். வாயில் போட்டால் புளிப்பு முந்திக்கொள்ளும், இனிப்பு பின்னால் வரும். இதன் உறவுக்காரன் ஒருவன் நம் பக்கத்திலும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய அந்த மரத்துக்குத் தாவரவியலார் குற்றாலத்தின் பெயரையே வைத்து 'பக்கௌரியா கூர்ட்டாலென்சிஸ்' என்றார்கள். மரத்தின் மூட்டிலேயே காய்ப்பதால் கேரளத்தில் அது மூட்டிப்பழம்.

மலாக்கா மாநிலத்தின் ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொன்னால் ஒரு காட்டுக்குள் நடந்துவந்த மாதிரி இருக்கும். டுரியான் துங்கால், ஒற்றை டுரியான். பாயா ரும்புட், புல் சதுப்பு. சுங்கை ஊடாங், இறால் ஆறு. புக்கிட் பெருவாங், கரடிக் குன்று. ஜாசின் மாவட்டத்தில் சுங்கை ரம்பாய் என்று இன்னொரு ரம்பாயும் இருக்கிறது. மலாக்காவே மரப்பெயர்தான் என்கிறது பழங்கதை. மலாக்காவை நிறுவிய பரமேசுவரா ஒரு மரத்தடியில் நின்று, சருகுமான் வேட்டைநாயை உதைத்துத் தள்ளியதைப் பார்த்தாராம். அந்த மரத்தின் பெயர் மலாக்கா. அது வேறொன்றுமில்லை, நம் நெல்லி. 'ஆமலகம்' என்னும் வடசொல் தேய்ந்து மலாயில் மலாக்கா ஆயிற்று என்பர்.

நகருக்குப் பக்கத்தில் புக்கிட் காத்தில் என்று ஓர் ஊர். காத்தில் என்ற மலாய்ச் சொல் நம் கட்டில்தான். கடை மலாயில் 'கெடாய்' ஆனது. கப்பல் 'கப்பால்' ஆனது. வணிகத்துக்குப் போட்ட முதல் 'மோடால்' ஆனது. கடல்கடந்து வந்து விற்ற தமிழன் கொடுத்த சொற்கள் இவை. அந்த வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டிகள் 1781இல் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது.

நூறாண்டு கழித்துக் கூலிக்கு வந்த தமிழனின் கணக்கு வேறு. அவன் கொடுத்த சொல் குறைவு, வாங்கிக்கொண்டதே அதிகம். ரப்பருக்குக் கித்தா என்றான். அது மலாயின் 'கெத்தா'. பால் வடியும் கிண்ணத்துக்கு மங்கு என்றான், அது 'மங்கோக்'. வரிசை வீடுகளை வெள்ளைக்காரன் 'லைன்' என்றான், இவன் லயம் என்றான். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, ஆங்கிலப் 'பரேட்'. எந்த மொழி எந்த மொழிக்குச் சொல் கொடுத்தது என்று பார்த்தாலே யார் எந்த நிலையில் வந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு சொல்லை மட்டும் அவன் கடன் வாங்கவில்லை. அதுதான் தோட்டம்.

1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் பயிரிட்டது அதுவே முதல். அடுத்து புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரே மரம் நிற்கும் அந்தப் புதுப்பொருளுக்கு ஒவ்வொரு மொழியும் தன் பழைய சொல்லொன்றையே எடுத்துக்கொண்டது. ஆங்கிலம் சொத்துக்கு வழங்கிய 'எஸ்டேட்'டை எடுத்து மாட்டியது. மலாய், காடெரித்து மேட்டுநெல் விதைக்கும் 'லாடாங்'கை இழுத்துப் போர்த்தியது. தமிழன் வீட்டுக் கொல்லையில் கத்தரியும் அவரையும் போட்டு வேலியடைத்த தோட்டத்தையே இதற்கும் பெயராக்கினான். தொடுதல் என்றால் தோண்டுதல். தோட்டத்தை அந்த வினையோடு சேர்த்துப் பார்ப்பவர் உண்டு. அப்படியானால் மண்ணைக் கொத்தியவன் வைத்த பெயர் அது. பத்திரம் வைத்திருந்தவனின் பெயர் எஸ்டேட்.

அந்தச் சொல் வேலையிடத்தைத் தாண்டி வளர்ந்தது. கோயில், ஆயாக்கொட்டகை, பள்ளி, கள்ளுக்கடை, சுடுகாடு எல்லாம் அதற்குள் அடங்கின. பெண் கேட்டு வந்தாலும் முதலில் தோட்டம் எதுவென்றுதான் விசாரிப்பார்கள். 'எந்தத் தோட்டம்?' என்பது முகவரிக் கேள்வி இல்லை, உறவுக் கேள்வி.

பிறகு இன்னொரு சொல் பிறந்தது: துண்டாடல். 1957இல் நாடு விடுதலையானதை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். நிலம் கைமாறியபோது லயத்தில் இருந்தவனுக்கு வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடா மாநிலத்து புக்கிட் சிடிம் தோட்டம் அப்படி வாங்கியதுதான். பால் வெட்டியவன் பத்திரத்திலும் இடம்பெற எடுத்த முயற்சி அது.

ஆனால் எல்லாத் தோட்டத்தையும் பத்து வெள்ளி காப்பாற்றாது. கித்தா போய்ச் செம்பனை வந்தது. 1970களில் பத்து பெரெண்டாமில் ஆலைகள் எழுந்தன. புக்கிட் ரம்பாயிலும் தொழிற்பேட்டை வந்தது. அலோர் காஜா, மலாக்கா தெங்கா, ஜாசின் மாவட்டங்களை இணைக்கும் நெடுஞ்சாலைக்கு அவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஏஎம்ஜே என்று பெயரிட்டார்கள். மரத்தையும் ஆற்றையும் பார்த்துப் பெயர் வைத்த மாநிலத்தில், எழுத்துகளைக் கோத்து வைத்த பெயர்.

கித்தா மரங்கள் நின்ற இடங்களில் வீடுகள் வந்தன. அவற்றுக்குப் பெயர் தாமான். ஆங்கிலத்தில் இதுவும் 'எஸ்டேட்'தான், 'ஹவுசிங் எஸ்டேட்'. மலாயில் தாமான் என்றால் பூந்தோட்டம். தமிழன் தோட்டத்தை விட்டு வந்து சேர்ந்ததும் தோட்டத்துக்குத்தான். ஆனால் இந்தமுறை அவன் சொந்தச் சொல்லைப் போடவில்லை. தாமானைத் தோட்டம் என்று யாரும் சொல்வதில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. தோட்டம் ஏறக்குறைய முழுக்கத் தமிழர் இருந்த இடம். இருட்டியபின் உருமி அடித்தால் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. தாமானில் இந்தப் பக்கம் மலாய்க்காரர் வீடு, எதிரே சீனர் வீடு. ஒரு வாரம் தெருவை அடைத்து மலாய்க்காரரின் கெண்டூரி விருந்துப் பந்தல், மறு வாரம் சீனர் இழவு மேளம், அதற்கடுத்து நம் வீட்டு உருமி. எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று மூன்று வீட்டாரும் வாசலில் நின்று பேசி முடிக்க வேண்டும். அந்தப் பேச்சு மலாயில்தான் நடக்கும். அப்படிப் பேசிப் பொதுவாக்கிக்கொண்ட இடத்துக்குப் பொதுச்சொல்லே பொருந்துகிறது.

பாட்டியிடம் கேட்டேன், "தோட்டத்துக்கே திரும்பிப் போகலாம்னு தோணுமா?"

"எதுக்கு? பெரட்டு மணியும் கொசுக்கடியும் யாருக்கு வேணும்? என் பேத்தி கம்பெனி பஸ்ல போயிட்டு வரா, கையில சம்பளம் இருக்கு." சற்று நேரம் கழித்து, "ஆனா அங்க செத்தா தூக்க ஆள் தேட வேணாம்" என்றார்.

தோட்டங்கள் போனாலும் பெயர்கள் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில். மலாக்காவில் டைமண்ட் ஜூபிலி தோட்டத்தின் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. நாடெங்கும் பல பள்ளிகள் 'லாடாங்' என்ற சொல்லை இன்னும் சுமக்கின்றன. சுற்றியிருந்த மரங்கள் போன பின்னும், பள்ளியே வேறிடத்துக்கு மாறிய பின்னும் பலகை மாறுவதில்லை.

சனவரியில் மகனுக்குப் பள்ளிப் படிவம் நிரப்பினேன். மேல் வரியில் வீட்டு முகவரி: தாமான் என்று தொடங்குகிறது. கீழ் வரியில் பள்ளியின் பெயர்: நடுவில் லாடாங் என்று வருகிறது. பாட்டி அந்தப் படிவத்தைப் பார்த்திருந்தால் மேல் வரியைத் தாண்டிப்போய்க் கீழ் வரியைத்தான் வாசித்திருப்பார்.