மடிக்கணினியில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுதல்

புதிய மடிக்கணினியில் இயங்குதளத்துடன் தயாரிப்பாளர் சேர்த்த பல மென்பொருள்களும் இருக்கும். சில வாரங்களே இலவசமாக இயங்கும் நச்சுநிரல் தடுப்பி, விளையாட்டுகள், விளம்பரக் கருவிகள் போன்றவை இவை. கணினி விற்பனையில் இலாபம் குறைவு. இவற்றை ஏற்றுவதற்கு மென்பொருள் நிறுவனங்கள் தரும் பணம் அதை ஈடுசெய்தது. 2008 மார்ச்சில் சோனி நிறுவனம், ஒரு வையோ மடிக்கணினியை இவை இன்றித் தருவதற்குச் சுமார் 50 டாலர் கூடுதலாகக் கேட்டது. எதிர்ப்பு எழுந்தவுடன் அக்கட்டணத்தைக் கைவிட்டது.

வன்தட்டை அழித்து விண்டோசை மீண்டும் நிறுவுவதே பயனர்கள் கண்ட வழி. ஆனால் பல கணினிகளுடன் நிறுவல் வட்டு தரப்படுவதில்லை. வன்தட்டிலுள்ள மீட்புப் பகுதியைப் பயன்படுத்தினால் நீக்க நினைத்த மென்பொருள்களும் சேர்ந்தே திரும்பும். தனி வட்டு கிடைத்தாலும் கணினியின் அடியில் ஒட்டிய உரிமக் குறியீடு தேவை. அது பெரும்பாலும் தேய்ந்து போயிருக்கும். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் அக்குறியீடு தாய்ப்பலகையின் நிலைபொருளிலேயே பதிக்கப்பட்டதால் இவ்வேலை எளிதானது.

2015 பெப்ரவரியில் இது வெறும் எரிச்சல் சார்ந்த சிக்கல் அன்று என்பது தெரியவந்தது. லெனோவா நிறுவனம் 2014இன் பிற்பகுதியில் விற்ற சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர மென்பொருள் இருந்தது. மறையாக்கம் செய்யப்பட்ட இணையப் பக்கங்களிலும் விளம்பரம் நுழைப்பதற்காக, அது விண்டோசில் தன் மூலச் சான்றிதழைச் சேர்த்திருந்தது. வங்கித் தளத்தைத் திறந்தாலும் உலாவிக்குக் கிடைத்தது வங்கியின் சான்றிதழ் அன்று, சூப்பர்ஃபிஷ் ஆக்கிய சான்றிதழே. எல்லாக் கணினிகளிலும் ஒரே தனித் திறவுகோல் என்பது இன்னும் மோசம். பாதுகாப்பு ஆய்வாளர் இராபர்ட் கிரகாம் அதன் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தார்: அம்மென்பொருளின் அடிப்படைக் கூறுகளை உருவாக்கிய கொமோடியா நிறுவனத்தின் பெயரேதான். அத்திறவுகோல் கையிலிருந்தால், ஒரே வைஃபை இணைப்பிலுள்ள ஒருவர் வங்கித் தளம் போல நடிக்க முடியும். மென்பொருளை நீக்கினாலும் சான்றிதழ் தங்கிவிட்டது. 2017 செப்டம்பரில் அமெரிக்காவின் 32 மாநிலங்களுக்கு 35 இலட்சம் டாலர் செலுத்த லெனோவா உடன்பட்டது.

வன்தட்டை முழுதும் அழித்தால் போதும் என்று நம்பியவர்களுக்கு 2015 ஆகத்தில் அடுத்த அதிர்ச்சி. லெனோவாவின் வேறு சில கணினிகளில் பயாசிலேயே ஒரு நிரல் இருந்தது. தூய வட்டிலிருந்து விண்டோசை நிறுவினாலும், கணினி தொடங்கும்போது அது விண்டோசின் வட்டுச் சோதனைக் கோப்பை மாற்றிவிட்டு, நிறுவனத்தின் மென்பொருளை மீண்டும் தரவிறக்கியது. அதில் பாதுகாப்புக் குறையும் இருந்ததால், அதை நீக்கும் பயாஸ் இற்றைப்படுத்தலை லெனோவா சூலை 31 அன்றே வெளியிட்டிருந்தது. வன்தட்டை எத்தனை முறை அழித்தாலும் பயன் இல்லை. பயாசை இற்றைப்படுத்த வேண்டியிருந்தது.

நிலைபொருளிலுள்ள நிரலை விண்டோஸ் தானே எடுத்து இயக்குவதற்கான அட்டவணை ஒன்றை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 8 காலத்திலேயே வரையறுத்திருந்தது. கணினி திருட்டுப் போனால் கண்டறியும் மென்பொருள் போன்றவற்றுக்காக வந்த வசதி அது. லினக்சு அந்த அட்டவணையிலுள்ள நிரலை இயக்குவதில்லை. விண்டோசில் அவ்வசதி பின்னரும் தொடர்ந்தது.