ட்ரெயிலர் ஜக்குக்கு எந்த ட்ரில் பொருத்தம்? வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

மே மாத நீண்ட வார இறுதி வந்தால் ஒன்ராறியோவில் முகாம் காலம் தொடங்கிவிடும். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது நாங்கள் கூடாரம்தான் கொண்டுபோனோம். அம்மாவும் அப்பாவும் எங்களுடன் வந்து இருக்கத் தொடங்கிய பின்னர் அது சரிவரவில்லை. இரவில் கழிப்பறைக்கு இருட்டில் நடக்கவும், நிலத்தில் படுத்து எழும்பவும் அவர்களால் முடியவில்லை. அதனால் வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் பழைய ட்ரெயிலர் ஒன்றை வாங்கினோம். கட்டிலும் கழிப்பறையும் உள்ளேயே இருந்தன. ஆனால் யாராவது உள்ளே நடந்தால் முழு ட்ரெயிலரும் ஆடும். எழுபது வயதைத் தாண்டியவருக்கு அந்த ஆட்டமே விழுவதற்குப் போதும்.

இந்த ஆட்டத்தைக் குறைக்கத்தான் ட்ரெயிலரின் நான்கு மூலைகளிலும் நிலைப்படுத்தும் ஜக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் கைப்பிடியால் பல பத்துச் சுற்றுச் சுற்றி இறக்க வேண்டும். ஈர மண்ணில் முழங்கால் ஊன்றி நான்கையும் இறக்கி, திரும்பும் நாளில் மறுபடியும் ஏற்றுவது இலேசான வேலை அல்ல. பற்றறியில் இயங்கும் ட்ரில் இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எந்த ட்ரில்லை வாங்குவது என்பதில் நாங்கள் ஒருமுறை பிழைவிட்டோம். அந்த அனுபவத்தோடு, தெரிந்துகொண்டவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நாங்கள் விட்ட பிழை

கடையில் இருந்தவற்றுள் பலமானதை எடுத்தால் நல்லது என்று நினைத்து, தட்டித் தட்டித் திருகும் 'இம்பாக்ட் ட்ரைவர்' ஒன்றை வாங்கினோம். முதல் பயணத்திலேயே ஜக்குகள் விறுவிறென்று இறங்கின. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லது என்று ஒரு மூலையை மேலும் இறுக்கினோம். பிறகு பார்த்தால் வாசல் கதவு பூட்டவில்லை. ஒரு மூலை உயர்ந்ததில் அடிச்சட்டம் முறுகி, கதவு நிலையும் கோணிவிட்டது. ஜக்கைத் தளர்த்தியதும் கதவு சரியானது. அப்படியே இரண்டு நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்ற பயம் இன்னும் இருக்கிறது.

இதிலிருந்து ஒன்று விளங்கியது. இந்த ஜக்குகள் ட்ரெயிலரைத் தூக்குவதற்கு உரியவை அல்ல. மட்டமாக நிற்கும் ட்ரெயிலருக்கு முட்டுக் கொடுப்பது மட்டுமே அவற்றின் வேலை. ஆகவே எமக்கு வேண்டியது மெதுவாகச் சுற்றி, வேண்டிய இடத்தில் நிற்கும் ட்ரில். அதிக பலம் இங்கே உதவியை விட உபத்திரவமே தரும்.

எவ்வளவு பலம் தேவை?

கையால் சுற்றும்போது என்ன நடக்கிறது என்று கணக்குப் பார்ப்போம். கைப்பிடியின் வளைவு 20 சென்ரிமீற்றர் நீளம் என்றும், அதில் 10 கிலோ எடைக்குச் சமமான விசை கொடுக்கிறோம் என்றும் வைத்துக்கொண்டால், ஜக்குக்குக் கிடைக்கும் முறுக்கு விசை ஏறத்தாழ 20 நியூற்றன் மீற்றர். வீட்டுப் பாவனைக்கான சாதாரண 18 வோல்ற் ட்ரில் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தரக்கூடியது.

வட அமெரிக்காவில் விற்கும் பெட்டிகளில் முறுக்கு விசையை அங்குல-இறாத்தலில் போட்டிருப்பார்கள். 400 முதல் 500 அங்குல-இறாத்தல் என்பது 45 முதல் 56 நியூற்றன் மீற்றர் வரை. இந்த வேலைக்கு அது தாராளம்.

வோல்ற்றைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. இங்கே '20 வோல்ற் மாக்ஸ்' என்று விற்பதும் ஐரோப்பாவில் '18 வோல்ற்' என்று விற்பதும் ஒரே அளவுதான். இரண்டிலும் ஐந்து லிதியம் கலங்களே தொடராக இருக்கின்றன. முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையில் 20, வேலை செய்யும்போது சராசரியாக 18. சிறிய 12 வோல்ற் ட்ரில் கிறீஸ் பூசிய இலகுவான ஜக்கைச் சுற்றும். துருவேறியதோடு திணறும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலாவது கிளச். ட்ரில்லின் முன்பக்கத்தில் இலக்கங்கள் போட்ட வளையம் அது. குறித்த இறுக்கம் வந்ததும் 'கடகட' என்ற சத்தத்தோடு சுற்றுவதை நிறுத்திவிடும். எங்கள் பிழையைத் தடுத்திருக்கக்கூடியது இதுதான். வளையத்தை ட்ரில் படம் போட்ட இடத்துக்குத் திருப்பினால் கிளச் வேலை செய்யாது என்பதை மறக்கவேண்டாம்.

இரண்டாவது இரட்டை வேகம். மேலே உள்ள தள்ளு பொத்தானை 1 இல் வைத்தால் வேகம் குறைந்து முறுக்கு விசை கூடும். ஜக்குக்கு எப்போதும் 1 தான்.

மூன்றாவது முனையைப் பிடிக்கும் வாய். அரை அங்குலம், அதாவது 13 மில்லிமீற்றர் வாய் இருந்தால் தடித்த தண்டையும் வழுக்காமல் பிடிக்கும்.

நான்காவது எடை. குனிந்து நீட்டிப் பிடிக்க வேண்டிய வேலை என்பதால் 2 அம்பியர் மணி பற்றறியே போதும். 5 அம்பியர் மணி பற்றறி வீண் பாரம்.

இம்பாக்ட் ட்ரைவரைத் தவிர்ப்பதே நல்லது. அவற்றில் பல 150 நியூற்றன் மீற்றரைத் தாண்டும், வழமையான கிளச் வளையமும் கிடையாது. அதன் சத்தம் பக்கத்து முகாமையும் எழுப்பிவிடும்.

வீட்டில் ஏற்கெனவே 18 வோல்ற் ட்ரில் இருந்தால் புதிது தேவையில்லை. அதற்குப் பொருந்தும் சொக்கற் ஒன்றை மட்டும் வாங்குங்கள்.

சொக்கற்றும் நீட்டுத் தண்டும்

பெரும்பாலான ஜக்குகளின் தலை அறுகோணமானது, முக்கால் அங்குலம். ஐரோப்பியக் கரவன்களின் மூலைக் கால்களுக்கு 19 மில்லிமீற்றர் சொக்கற் பரவலாகப் பாவனையில் உள்ளது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனாலும் சில ஜக்குகளில் கொளுக்கி மாட்டும் துளை மட்டுமே இருக்கும். எனவே அளந்து பார்த்த பின்னரே வாங்குங்கள். ஜக் உள்ளே தள்ளி இருந்தால் நீட்டுத் தண்டும் வேண்டும். சாய்வாகப் பிடித்துச் சுற்றினால் அறுகோணத்தின் மூலைகள் தேய்ந்துவிடும்.

செய்யும் ஒழுங்கு

முதலில் பக்கவாட்டு மட்டத்தைப் பார்த்து, தாழ்ந்த பக்கச் சில்லுகளைப் பலகைமேல் ஏற்றுங்கள். அடுத்து சில்லுகளுக்கு அடை வையுங்கள். பின்னர் வாகனத்திலிருந்து கழற்றி, முன் ஜக்கால் முன்பின் மட்டத்தைச் சரிசெய்யுங்கள். மூலை ஜக்குகள் கடைசியில்தான்.

ஜக்கின் பாதத்துக்குக் கீழே தடித்த பலகைத் துண்டு வையுங்கள். மண்ணில் புதையாது, ஜக்கையும் அதிகம் நீட்டத் தேவையில்லை. கத்தரிக்கோல் வடிவ ஜக் தாழ்ந்திருக்கும்போது தூக்கச் சிரமப்படும். உயர உயர, அதே முறுக்கில் கூடுதலாகத் தூக்கும். ஆகவே நீண்டு நிற்கும் ஜக்கைத்தான் அளவுக்கு மீறி இறுக்கிவிடும் ஆபத்து அதிகம்.

கிளச்சைக் குறைந்த இலக்கத்தில் தொடங்குங்கள். பாதம் பலகையைத் தொடுமுன்னரே கிளச் நின்றால் ஒவ்வொரு இலக்கமாகக் கூட்டுங்கள். தொட்ட பிறகு கையால் அரைச் சுற்று அல்லது ஒரு சுற்று இறுக்கினால் போதும். பிறகு கதவைத் திறந்து பூட்டிப் பாருங்கள். கதவு உராய்ந்தால் ஏதோ ஒரு மூலை கூடிவிட்டது என்று அர்த்தம்.

திரும்ப ஏற்றும்போது கடைசிப் பகுதியில் வேகத்தைக் குறையுங்கள். ஜக் முழுதாக மடங்கித் தடைப்பட்டால் ட்ரில் கைக்குள்ளேயே சுழலும், மணிக்கட்டு பிசகும். பக்கக் கைப்பிடி இருந்தால் பூட்டிக்கொள்ளுங்கள். இந்த வேலையைத் தனியே பிள்ளைகளிடம் விடவேண்டாம்.

முன் ஜக்கில் ட்ரில்லைப் பாவிக்காதீர்கள். ட்ரெயிலரின் எடையில் 10 முதல் 15 வீதம் அதன்மேல் நிற்கும். 2,500 கிலோ ட்ரெயிலரில் அது 250 முதல் 375 கிலோ. உற்பத்தியாளரின் கைநூல் அனுமதித்தால் மட்டும் யோசிக்கலாம்.

பராமரிப்பு

ஆண்டுக்கு ஒருமுறை ஜக்கின் திருகைத் துடைத்து, கைநூல் சொல்லும் எண்ணெயையோ கிறீஸையோ பூசுங்கள். திருகு இலகுவானால் சிறிய ட்ரில்லே போதும். குளிர்காலத்தில் பற்றறியை ட்ரெயிலரில் விட்டுவிடாமல் வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். உறைநிலைக்குக் கீழே லிதியம் பற்றறியைச் சார்ஜ் செய்தால் அது பழுதாகும்.

ட்ரில் வந்துவிட்டது என்று பழைய கைப்பிடியை எறிந்துவிடாதீர்கள். பற்றறி இறங்கிய அன்று அதுதான் கைகொடுக்கும். எங்கள் ட்ரெயிலரில் அது கதவுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. இப்போதெல்லாம் நாங்கள் ட்ரில்லால் இறக்கி முடித்ததும், கடைசி அரைச் சுற்றை அப்பாதான் அந்தக் கைப்பிடியால் இறுக்குவார். பிறகு அம்மா உள்ளே ஏறி, அங்குமிங்கும் நடந்து பார்த்து, "ஆட்டம் இல்லை" என்று சொன்னபின்தான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவோம்.