குருட்டுக் கண்ணில் ஒரு தொலைநோக்கி



கணக்கில் தப்பு தெரிந்தும் ஒரு ஆடிட்டர் 'டர்ன் எ பிளைண்ட் ஐ' செய்யக்கூடாது என்று எங்கள் ஆடிட்டிங் வகுப்பில் சொல்வார்கள். நம்ம பேச்சில் சொன்னால், கண்டும் காணாமல் இருப்பது. இந்த மரபுத்தொடர் பிரபலமானதற்குப் பின்னால் ஒரு கடற்போரே இருக்கிறது.

1801 ஏப்ரல் 2. டென்மார்க்கின் கோபன்ஹேகன் துறைமுகம். பிரிட்டிஷ் கடற்படைக்குத் தலைவர் சர் ஹைட் பார்க்கர். அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் நெல்சன். 1794-ல் கார்சிகா தீவின் கால்வி முற்றுகையில் வலது கண்ணின் பார்வையை இழந்தவர் இவர்.

சண்டை கடுமை. மூன்று பிரிட்டிஷ் கப்பல்கள் தரைதட்டிவிட்டன. தூரத்தில் நின்ற பார்க்கர், 'சண்டையை நிறுத்து' என்று 39-ம் எண் கொடியை ஏற்றினார். நெல்சனோ, எனக்கு ஒரு கண்தானே, சில நேரம் குருடாக இருக்க உரிமை உண்டு என்கிற மாதிரி சொல்லி, தொலைநோக்கியைக் குருட்டுக் கண்ணில் வைத்து, சிக்னல் தெரியவில்லை என்றாராம்!

தொலைநோக்கி விஷயத்தைச் சில வரலாற்று ஆசிரியர்கள் நம்புவதில்லை. ஆனால் நெருங்கிச் சண்டையிடச் சொல்லும் தன் கொடியை அவர் இறக்கவில்லை என்பது உண்மை. அன்று பிற்பகலே சண்டை நின்றது, பிரிட்டனுக்கு வெற்றி. அடுத்த மாதம் பார்க்கர் திரும்ப அழைக்கப்பட, நெல்சன் தலைவரானார்.

பலரும் சொல்லாமல் விடுவது இன்னொருவர் கதை. 'அமேசான்' கப்பலின் கேப்டன் எட்வர்ட் ரியூ அதே சிக்னலைப் பார்த்தார், கீழ்ப்படிந்தார். கப்பலைத் திருப்பிப் பின்வாங்கும்போது குண்டடிபட்டு இறந்தார். கீழ்ப்படியாதவர் ஹீரோ, கீழ்ப்படிந்தவர் பிணம். வரலாறு சில சமயம் இப்படித்தான்.

அப்படியானால் கண்டும் காணாமல் இருப்பது நல்லதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெல்சன் கண்ணை மூடியது குண்டுமழைக்கு நடுவில். தோற்றிருந்தால் பழி முழுக்க அவர் தலையில்தான். நாம் கண்ணை மூடுவதோ பெரும்பாலும் நமக்கு வம்பு வேண்டாம் என்பதற்காக. பரீட்சை ஹாலில் பிட் அடிக்கும் நண்பன், ஹெல்மெட் இல்லாமல் போகிறவரைப் பார்த்தும் திரும்பிக்கொள்ளும் போலீஸ்காரர்... எல்லாம் இந்த வகைதான்.

ஏன், பில் வேண்டாம் என்றால் விலை குறையும் என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டிவிட்டு வந்த காமர்ஸ் மாணவன் நானும்தான்! எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகவே தெரியும்.

அடுத்த முறை கண்ணை மூடும்முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: இதற்கான விலையைக் கொடுக்கப்போவது நானா, வேறு யாரோவா?